உள்ளே தாழ்ப்பாள், வெளியே நிர்வாகி

மனிதர்களில் சர்வர் நிர்வாகி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் உங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போது எதிரே யானையே வந்து நின்றாலும் "ஒரு நிமிஷம்" என்பார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் யானை கிழடாகிவிடும்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. என் தம்பி. ஓர் ஆஸ்பத்திரியின் எல்லாக் கணினிகளும் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற தாய்க் கணினிதான் சர்வர். அதை மேய்ப்பது அவன் வேலை. அதில் ஓடுவது லினக்ஸ் என்கிற மென்பொருள். "என்னடா விலை?" என்று ஒரு தடவை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "அக்கா, இது எல்லாருக்கும் பொது. உள்ள எழுதியிருக்கிறத யாரு வேணும்னாலும் தொறந்து படிக்கலாம், திருத்தலாம், அதோட தத்துவமே..." என்று ஆரம்பித்தவன், நான் துவைத்த துணியை மடித்து, அலமாரியில் அடுக்கி, அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தபோதும் அதே வாக்கியத்தில்தான் இருந்தான். எல்லாருக்கும் பொதுவென்றால் நாம் தொடலாமா? தொட்டுப் பாருங்கள், தெரியும்.

இந்த இனத்துக்குச் சில ஆசாரங்கள் உண்டு. மவுசைத் தொட்டால் தீட்டு. சர்வருக்குத் திரை வைப்பது கோழைத்தனம். வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து வேலை பார்ப்பதுதான் வீரம். எது கெட்டாலும் முதலில் "கேபிளப் பாருங்க" என்பார்கள், கேபிள் சரியாக இருந்தால் "என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்பார்கள், தாங்களே பண்ணித் தொலைத்ததென்றால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, சர்வரை அணைக்கக் கூடாது. அணையாமல் அது ஓடும் காலம்தான் அவர்களுடைய மானம், மரியாதை, வம்சப் பெருமை. ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு அடியிலுள்ள அலமாரியில் சர்வரை வைத்து, "ஓடிக்கொண்டிருக்கிறது. தொடாதீர்கள்" என்று என் தம்பி எழுதி ஒட்டியிருக்கிறான். தன் கல்யாணத்துக்குக்கூட அவன் இவ்வளவு கவலைப்பட்டதில்லை.

ஆனாலும் கெட்டிக்காரன். சும்மா சொல்லக் கூடாது.

அம்மாவுக்குக் கண்ணில் புரை. கதவில் தொங்கும் தம்பியின் சட்டையைத் தம்பி என்று நினைத்துச் சாப்பிடக் கூப்பிடுவாள். அவனும் கூப்பிட்டால் பதில் சொல்லாதவன் என்பதால் அவளுக்குச் சந்தேகமே வராது. ஒரு வழியாக அறுவைச் சிகிச்சைக்கு நாள் கிடைத்தது. முந்தின நாள் சர்க்கரை பார்த்து, டாக்டர் சரி என்றால் மறுநாள் அறுவை. அதே ஆஸ்பத்திரிதான். ரத்தம் கொடுத்துவிட்டு அம்மாவும் நானும் முடிவுக்காகக் காத்திருந்தோம். சும்மா இருப்பேனா? வரிசையில் முன்னால் நின்றவரிடம், பின்னால் நின்றவரிடம், தண்ணீர் குடிக்க வந்தவரிடமெல்லாம், "இந்த ஆஸ்பத்திரி சர்வரே என் தம்பி கையிலதான்" என்று சொல்லிவைத்தேன்.

சொல்லி வாயை மூடவில்லை. எல்லாத் திரையும் நின்றது.

"சர்வர் கிடைக்கலங்க," என்றாள் வரவேற்பறைப் பெண். வரிசை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். அப்புறம் மூலைக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டேன்.

"டேய், இங்க எல்லாம் நின்னு போச்சுடா."

"கேபிளப் பாக்கச் சொல்லு."

"எல்லாம் ஒழுங்கா இருக்காம். நீ ஏதாவது பண்ணினியா?"

"இல்லையே. பாதுகாப்ப மட்டும் கொஞ்சம் இறுக்கினேன். இனிமே சர்வருக்கு வெளியில இருந்து ஒரு கணினி, ஒரு பய உள்ள நுழைய முடியாது."

"நீ எங்கடா இருக்கே?"

"வீட்ல."

"வீடு உள்ளயா, வெளியிலயா?"

தட்டச்சுச் சத்தம் கேட்டது. இன்னும் கேட்டது. அப்புறம் நின்றது.

"அக்கா," என்றான். சின்ன வயதில் விளக்கை உடைத்துவிட்டு வந்து கூப்பிடும் அதே 'அக்கா'. "நான் கிளம்பி வரேன். நேர்ல ஒரு திரைய மாட்டித் தட்டினா சரியாயிடும்."

அதற்குள் மாடியிலிருந்து நர்ஸ் இறங்கி வந்தாள். "சர்க்கரை ரிப்போர்ட் வந்தாதாங்க நாளைக்குச் செய்ய முடியும். டாக்டர் பையத் தூக்கிட்டாரு. இன்னைக்கு விட்டா அடுத்த மாசம்தான்."

"தம்பி, நீ வர்ற வரைக்கும் டாக்டர் இருக்க மாட்டார்டா. வேற வழியே இல்லையா?"

செருப்பைத் தேடும் சத்தம் சட்டென்று நின்றது. வழி இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்தது.

"இருக்கு. நான் இறுக்கினத இன்னும் சேமிக்கல. அணைச்சுப் போட்டா அது அழிஞ்சிடும். ஆனா அக்கா... அத வச்ச நாள்லேருந்து அணைச்சதே இல்லக்கா."

பக்கத்தில் காதைக் கொடுத்திருந்த அம்மா போனை வாங்கிக்கொண்டாள். "கண்ணு, அது எவ்வளவு நாளா முழிச்சிருக்கோ பாவம். கொஞ்சம் தூங்கி எழுந்திரிக்கட்டுமே. எனக்கு உன் மூஞ்சி தெரிய வேண்டாமா?"

மானம் ஒரு பக்கம், பெற்றவள் ஒரு பக்கம். இந்த இனத்தில் பிறந்தவர்களுக்கு இது லேசான கேள்வி இல்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

"அக்காகிட்ட குடும்மா," என்றான் கடைசியில். "மாடிப்படிக்கு அடியில போய் அலமாரியத் தொற. முன்னாடி இருக்கிற பட்டன அழுத்திப் பிடி. விடாத. லைட் போச்சா?"

"போச்சு."

மறுமுனையில் எழுந்த பெருமூச்சை இதற்கு முன் சாவு வீட்டில்தான் கேட்டிருக்கிறேன்.

மறுபடி போட்டேன். திரைகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. ரிப்போர்ட் வந்தது, வாசல்வரை போன டாக்டரை நர்ஸ் மறித்துக் காட்டினாள், அவர் தலையாட்டினார். காலுக்கொரு செருப்போடு ஓடி வந்த தம்பி, அம்மாவைத் தாண்டிப் போய் அலமாரியின் முன் நின்றான். நான் வரிசையிலிருந்தவர்களிடம், "யாரோ தெரியலங்க," என்று சொல்லிவிட்டேன்.

கட்டுப் பிரித்த அன்று அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சட்டை அழகா இருக்குடா," என்றாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள்தான் கறுப்புத் திரையில் வேலை பார்ப்பதில்லையே. கடவுச்சொல் மறந்தால் குறுஞ்செய்தி எந்த எண்ணுக்கு வரும்? தொலைந்துபோன அந்தப் பழைய எண்ணுக்குத்தானே? போகட்டும். பீரோவுக்கு மாற்றுச் சாவி பத்திரமாக இருக்கிறதா? நல்லது.

பீரோவுக்குள்ளேதானே?