நாற்பத்தொரு பூட்டு போட்ட அப்பா

புது அப்பாக்களில் பல வகை உண்டு. மணிக்கொரு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டு, ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும் எல்லாரையும் குழுவை விட்டே ஓடவைப்பவர் ஒரு வகை. பால் குடித்த நேரத்தைக் கைப்பேசியில் குறித்துவைத்து, குழந்தை பசித்து அழுதால் 'இன்னும் இருபது நிமிஷம் இருக்கே' என்று அதனிடமே வாதாடுபவர் இன்னொரு வகை. அவர்களை இன்றைக்கு விட்டுவிடுவோம். நாம் பார்க்கப்போவது முன்னெச்சரிக்கை அப்பாவை. சிங்கப்பூரில் எந்த அடுக்குமாடிக்குப் போனாலும் இவர் ஒருவராவது இருப்பார். கதவைத் தட்டிப் பாருங்கள். திறக்கத்தான் கொஞ்சம் நேரமாகும்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். குழந்தை இந்த நிமிடம் ஏன் அழுகிறது என்று கேட்டால் விழிப்பார். அதே குழந்தை வருகிற வருடம் எந்த மேசையின் எந்த முனையில் நெற்றியை இடித்துக்கொள்ளும் என்று கேட்டால், விரலால் தொட்டுக் காட்டுவார். அங்கே ஏற்கெனவே பஞ்சு ஒட்டியிருக்கும்.

பிடோக்கில் எட்டாவது மாடியில் குடியிருக்கும் அர்ஃபான் இந்த வகையில் முதல் தரம். மற்ற அப்பாக்களாவது பூட்டு வாங்கக் கடைக்குப் போக வேண்டும். இவனுக்கு ஜாலான் புசாரில் பூட்டும் திருகாணியும் விற்கிற சொந்தக் கடையே இருந்தது. கேட்க வேண்டுமா?

மகள் ஹனீன் பிறந்த முதல் வாரத்தில் மேசை நாற்காலிகளின் முனைகளுக்கெல்லாம் பஞ்சு ஒட்டினான். இரண்டாம் வாரம் இழுப்பறைகளுக்கும் அலமாரிகளுக்கும் பூட்டு. மூன்றாம் வாரம் குளிர்பதனப் பெட்டி, குப்பைத்தொட்டி, கழிப்பறை மூடி. நான்காம் வாரம் சமையலறை வாசலில் ஒரு தடுப்புக் கதவு, குளியலறைக் கதவில் வெளிப்பக்கமாக ஒரு கொக்கி. மொத்தம் நாற்பத்தொன்று. எல்லாம் காந்தப் பூட்டுகள். கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து சரியான இடத்தில் காந்தத்தை வைத்தால்தான் திறக்கும். வீட்டில் இருந்தது ஒரே ஒரு காந்தம். இன்னொன்று கடையில் இருந்தது.

இவ்வளவும் யாரைத் தடுப்பதற்கு? அந்தச் சமயத்தில் ஹனீனுக்குத் தெரிந்த வித்தைகள் இரண்டு: கொட்டாவி, விக்கல். புரண்டு படுக்கவே இன்னும் இரண்டு மூன்று மாதம் பாக்கி.

பேத்தியைப் பார்க்க வந்த மாமனார் காதர் மைதீன், தண்ணீர் குடிக்க எழுந்து குளிர்பதனப் பெட்டியை இழுத்தார். பெட்டியே நகர்ந்ததே தவிரக் கதவு திறக்கவில்லை.

"மாப்பிள்ளை, உங்க வீட்டுல தண்ணி குடிக்க அப்பாயின்ட்மென்ட் எடுக்கணுமா லா?"

"சேஃப்டி, மாமா," என்றான் அர்ஃபான் பெருமையாக.

அவர் தாகத்தோடு சிராங்கூனுக்குத் திரும்பினார்.

இவ்வளவு பாதுகாப்பு செய்த அர்ஃபான் ஒன்றை மட்டும் செய்யவில்லை. பிள்ளையைத் தூக்கவில்லை. நாற்பது நாளில் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. நாற்பது கிலோ சிமெண்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுகிறவன், நான்கு கிலோப் பிள்ளையைக் கண்டால் ஓரடி பின்னால் நகர்ந்தான். மருத்துவமனையில் தாதி ஒரு பொம்மையை வைத்து, தலை நிற்காத பிள்ளையின் கழுத்தை எப்படித் தாங்குவது என்று காட்டியபோது, அந்தப் பொம்மையின் தலை லேசாகத் தொங்கியதை அவன் பார்த்துவிட்டான். அன்றைக்குப் பிடித்த பயம்.

இந்த வகை அப்பா பயத்தை ஒப்புக்கொள்வாரா? மாட்டார். "கை கழுவிட்டு வர்றேன்" என்பார். கழுவுவார், துடைப்பார், மறுபடி கழுவுவார். திரும்பி வரும்போது பிள்ளை தாயின் தோளில் தூங்கியிருக்கும். "அடடா, தூங்கிட்டாளா?" என்று வருத்தப்பட்டுவிட்டுத் திருகாணி முடுக்கப் போய்விடுவார்.

மனைவி நஃபீசா ஒன்றும் கண் தெரியாதவள் இல்லை. நாற்பதாம் நாள் பிள்ளைக்கு முடி இறக்க ஏற்பாடாகியிருந்தது. பதினொரு மணிக்குச் சொந்தபந்தமெல்லாம் வரும். காலையிலேயே சொல்லிவிட்டாள்:

"மச்சான், இன்னைக்குப் பிள்ளைய மடியில வச்சுக்கப் போறது நீங்கதான். இல்லேன்னா எங்க வாப்பா வச்சுக்குவாங்க. ஏன்னு எல்லாரும் கேப்பாங்க. அப்ப நான் உள்ளதைச் சொல்லிருவேன்."

அர்ஃபான் தலையாட்டினான். ஆட்டிவிட்டு என்ன செய்தான்? வருகிற பிள்ளைகள் யாராவது காந்தத்தை எடுத்து விழுங்கிவிட்டால் என்ன ஆவது என்று யோசித்தான். அதை இழுப்பறைக்குள் பத்திரமாக வைத்து, இழுப்பறையைச் சாத்தினான். டக்கென்று பூட்டிக்கொண்டது. அவன் திருப்தியாக நகர்ந்தான்.

நஃபீசா குளிக்கப் போயிருந்தாள். வெளிப்பக்கம் கொக்கி வந்த நாளிலிருந்து கதவுக்கு இடையில் ஒரு செருப்பைக் கொடுத்துவிட்டுத்தான் அவள் குளிப்பாள். அந்தச் செருப்பு அர்ஃபானின் கண்ணில் பட்டது. விருந்தாளிகள் தடுக்கி விழுந்துவிட்டால்? எடுத்து ஓரமாக வைத்தான். இன்னொரு டக்.

சற்று நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது.

"மச்சான், செருப்பு எங்க?"

"எடுத்து வச்சுட்டேன். தடுக்கிவிடும்ல."

"சரி, மேக்னட்டைக் கொண்டாங்க."

"அது டிராயருக்குள்ள இருக்கு."

"டிராயரைத் திறங்க."

அர்ஃபான் இழுப்பறையைக் கடகடவென்று இழுத்துப் பார்த்தான். நஃபீசாவுக்குப் புரிந்துவிட்டது.

கொக்கியைக் கழற்றலாம் என்றால், கடையில் இருநூறு ஸ்க்ரூடிரைவர் தொங்கியது. வீட்டில் இருந்த ஒன்றும் அதே இழுப்பறைக்குள் கிடந்தது. கடையைப் பார்த்துக்கொள்ளும் ரவூப் நானாவுக்குப் போன் போட்டான். "இன்னொரு மேக்னட்டை எடுத்துக்கிட்டு டாக்சியில வாங்க, நானா." அரை மணி நேரமாவது ஆகும் என்றார் அவர். அதற்குள் பக்கத்து வீட்டில் ஸ்க்ரூடிரைவர் கேட்கலாம் என்று வாசல் பக்கம் திரும்பினான்.

கூடத்தில், தொட்டிலில், ஹனீன் விழித்துக்கொண்டாள். விழித்ததும் அழ ஆரம்பித்தாள்.

"மச்சான், தூக்குங்க."

"இதோ, கை கழுவிட்டு..."

"எங்க கழுவுவீங்க? பாத்ரூம்ல நான் இருக்கேன். கிச்சன் கதவும் பூட்டிக் கிடக்கு."

அவன் சமையலறைத் தடுப்பைப் பார்த்தான். அவனே முடுக்கிய திருகாணிகள், நல்ல தரம். ஹனீனின் முகம் சிவந்து, அழுகை மூச்சு முட்டுமளவுக்கு ஏறியது. அவன் தொட்டிலருகே போய்க் கையை நீட்டினான், இழுத்துக்கொண்டான், மறுபடி நீட்டினான். குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து நஃபீசா மெதுவாகக் கேட்டாள்.

"பயமா இருக்கா, மச்சான்?"

"ஆமா," என்றான். நாற்பது நாளில் முதல்முறை. "கழுத்து ஒடிஞ்சிருமோன்னு பயமா இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. எனக்குப் பூட்டு போடத் தெரியாது. அதனால தூக்கிட்டேன்."

அவன் மறுபடி தொட்டிலுக்குள் கையை நீட்டினான்.

"ஒரு கையைக் கழுத்துக்குக் கீழ கொடுங்க. இன்னொரு கை இடுப்புக்குக் கீழ. குனிஞ்சு, நெஞ்சோட சேர்த்துத் தூக்குங்க."

தூக்கினான். ஒன்றும் ஒடியவில்லை. கதகதவென்று ஒரு சின்ன உடம்பு நெஞ்சில் ஒட்டிக்கொண்டு இரண்டு தரம் விம்மி அடங்கியது. ஹனீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்துவிட்டு, விசேஷத்துக்கென்று போட்டிருந்த புதுச் சட்டையில் காலையில் குடித்த பாலில் பாதியைக் கக்கினாள். அர்ஃபான் அசையவே இல்லை. கண் மட்டும் கலங்கிப்போயிருந்தது.

"என்ன மச்சான், சத்தத்தைக் காணோம்?"

"தூக்கிட்டேன்," என்றான். "என் சட்டையில கக்கிட்டா." பட்டம் வாங்கியவன் குரல்.

ரவூப் நானா வந்தார், நஃபீசா வெளியே வந்தாள், விருந்தாளிகள் வந்தார்கள். முடி இறக்கும்போது பிள்ளை அர்ஃபானின் மடியில்தான் இருந்தாள். இறக்கி முடித்த பிறகும் அங்கேயேதான் இருந்தாள். காதர் மைதீன் ஆசையோடு இரண்டு கையையும் நீட்டினார்.

"கொஞ்சம் கொடுங்க மாப்பிள்ளை."

அர்ஃபான் பிள்ளையை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டான். "கை கழுவிட்டு வாங்க, மாமா," என்றான்.

நாம் அப்படியில்லையப்பா என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சந்தோஷம். உங்கள் பிள்ளைக்கு இப்போது ஒரு மாதமோ பதினைந்து வயதோ, ஒரே ஒரு கேள்வி: கடைசியாக எப்போது கட்டிப்பிடித்தீர்கள்? பள்ளி, ட்யூஷன், இன்ஷூரன்ஸ், அடுத்த பத்து வருடத்துத் திட்டம் என்று எதையோ முடுக்கிக்கொண்டிருந்ததில் ஞாபகம் இல்லையா? பரவாயில்லை. பதில் சொல்வதற்கு முன்னால் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தால், குளியலறைக் கதவுக்கு இடையில் ஒரு செருப்பைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.