தலையில் ஏறிய தாம்பூலத் தட்டு

மதிப்பிற்குரிய சம்பந்தி தணிகாசலம் அவர்களுக்கு,

மார்சிலிங்கிலிருந்து முத்தையா இரு கரம் கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே என் மனைவி அன்னம்மாவும் மகள் யாமினியும் சுகம். நான் சுகமா என்பது கீழே வரும். செங்காங்கில் தாங்களும், தங்கள் துணைவியாரும், மாப்பிள்ளை சுரேந்தரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

நிச்சயதார்த்தம் முடிந்து இன்றோடு ஒன்பது நாள். நான் பதினான்கு முறை போன் செய்துவிட்டேன், தாங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் விழவில்லை. தங்கள் அக்கா மட்டும் அன்னம்மாவை அழைத்து, "தாம்பூலத் தட்டத் தூக்கிக்கிட்டு டாய்லெட்டுக்கு ஓடுற மனுசன எங்க வம்சத்துலயே பாத்ததில்லம்மா. தணிகாசலம் சரியா சாப்பிடறதே இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தை மாதக் கல்யாணம் நடக்குமா, நின்றுவிடுமா என்று தெரியாமல் மண்டபத்துக்காரரிடமும் சமையல்காரரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். யாமினி வேறு கெடு வைத்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க சொல்லலன்னா நானே சொல்லிடுவேன்ப்பா. இத மறைச்சு வச்சுட்டு எனக்குக் கல்யாணம் வேணாம் லா" என்கிறாள்.

அதனால் சொல்லிவிடுகிறேன். எனக்குப் புராஸ்டேட் புற்றுநோய். இதை எழுதி முடிக்க மூன்று தாள் கிழிந்தது. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே வாதுமைக் கொட்டை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அறுபத்தாறு வருடம் அது இருப்பதே எனக்குத் தெரியாது, அதுவும் என்னை ஒன்றும் கேட்டதில்லை. வருடாந்திர ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் ஏறி நின்றது. அப்புறம் ஸ்கேன், அப்புறம் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ஆரம்பத்திலேயே பிடித்தாயிற்று, இருபது நாள் கதிர்வீச்சு கொடுத்தால் போதும் என்றார் டாக்டர். அவர் சொன்னதில் 'ஆரம்பத்திலேயே' என்பது அன்னம்மாவின் காதில் விழவில்லை. 'புற்று' மட்டும் விழுந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, "கல்யாணம் முடியிற வரைக்கும் யாருக்கும் மூச்சு விடக் கூடாது. சீக்காளி வீட்டுல யாருங்க பொண்ணு எடுப்பாங்க" என்றாள். எனக்கும் அதே பயம்தான், அவள் வாயால் சொன்னாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு தாங்கள் காலையில் போன் செய்தபோதெல்லாம் நான் நடைப்பயிற்சிக்குப் போயிருப்பதாக அவள் சொன்னது பொய். அவள் சொன்னபடி நான் நடந்திருந்தால் உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி அடுத்த நாட்டு ஈப்போவுக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்.

இந்த வைத்தியத்தில் ஒரு விசேஷம் உண்டு. மெஷினில் படுக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். நர்ஸ் நூருன்னிசா முதல் நாளே, "அங்கிள், அஞ்சு கப் தண்ணி குடிச்சிட்டு முக்கால் மணி நேரம் அடக்கணும். பை நிறைஞ்சாத்தான் குடல் ஒதுங்கி நிக்கும்" என்று சொல்லிவிட்டாள். நான் முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். மேலே ஏறினால் நாலு மணி நேரம் இறங்க மாட்டேன், அடக்குவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்று அங்கே பேர். அந்தப் பேர் இரண்டாவது நாளே போயிற்று. எனக்கு முன்னால் படுத்தவருக்கு ஏதோ தாமதம். இருபது நிமிடம் கூடுதலாக உட்காரவைத்தார்கள். என்னால் முடியவில்லை. கழிவறைக்கு ஓடிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தண்ணீர் குடிக்கச் சொன்னபோது, நடைவழி நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன் சம்பந்தி. நோய்க்காக அழவில்லை. அந்தத் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்து அழுதேன்.

அப்போதுதான் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். "அழுவுங்க, தப்பில்ல. ஆனா உக்காந்துக்கிட்டு அழுவாதீங்க, அடிவயித்த அமுக்கும்" என்றார். அவர்தான் செல்லக்கண்ணு அண்ணன். ரிட்டயர்ட் பஸ் டிரைவர், இதே நோய் வந்து ஏழு வருடம் ஆகிறது. தேறியவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, புதிதாக வருகிறவர்களுக்கு ஆளுக்கொருவராகத் துணை நிற்கிறார்கள். அன்றிலிருந்து தினமும் என்னோடு ரயிலில் வந்தார். இந்த ஊரில் எந்த ஸ்டேஷனில் எந்தப் பக்கம் கழிவறை, எது காலையில் கழுவுவதற்காகப் பூட்டியிருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு நாள், "உங்களுக்குப் பயமே இல்லையாண்ணே?" என்று கேட்டேன். "யாரு சொன்னா? இன்னும் வருசா வருசம் ரத்தம் எடுக்கப் போறப்பக் கை நடுங்குது. இந்தத் தடவ நீங்க கூட வாங்க" என்றார். பெண்டாட்டியிடம் சொல்ல முடியாத சங்கதிகளை, ராத்திரி நனைந்த விரிப்பு வரைக்கும், அவரிடம்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எந்த சோப்பு என்று சொன்னார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பதினேழு நாள் கதிர்வீச்சு முடிந்திருந்தது. அந்தக் கட்டத்தில் அவசரம் என்பது சொல்லிக்கொண்டு வருவதில்லை, வந்துவிட்டுத்தான் சொல்லும். அதனால் செல்லக்கண்ணு அண்ணனைத் தூரத்துப் பெரியப்பா மகன் என்று சொல்லிக் கேலாங் மண்டபத்துக்குக் கூட்டிவந்தேன். மூலையில் நின்று காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டியவர் அவர்தான். குடித்திருக்கிறார் என்று தங்கள் பக்கத்தில் பேசிக்கொண்டார்களாம். அவர் கோப்பி கூடத் தொடாதவர். காதைத் தொட்டால் கழிவறை காலி, மூக்கைத் தொட்டால் ஆள் இருக்கிறது, அவ்வளவுதான். "காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்காதீங்க" என்று சொல்லித்தான் கூட்டிவந்தார். ஆனால் தங்கள் துணைவியார் வாசலிலேயே பாதாம் பால் கொடுத்தார். அப்புறம் பாயசம். அப்புறம் கோப்பி. "சம்பந்தி வீட்டுல வேணாம்னு சொல்லக் கூடாதுங்க" என்று சிரித்துக்கொண்டே நின்றார். சம்பந்தி வீட்டு டம்ளரை மறுத்தால் சம்பந்தத்தையே மறுத்த மாதிரி ஆகிவிடுமே. மூன்றையும் குடித்தேன். எமனைக் குடிக்கிறேன் என்று தெரிந்தே குடித்தேன்.

ஐயரோ லக்னப் பத்திரிகையை நிறுத்தி நிதானமாக, முப்பாட்டனார் பேரிலிருந்து ஆரம்பித்தார். தங்கள் கொள்ளுத் தாத்தாவுக்கு வந்தபோது எனக்கு நெற்றி வியர்த்தது. தாத்தாவுக்கு வந்தபோது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றேன். செல்லக்கண்ணு அண்ணன் மூக்கைத் தொட்டுக்கொண்டே நின்றார். தட்டு மாற்றும் நேரம் வந்தது. என் தட்டைத் தங்கள் கையில் கொடுத்தேன், தங்கள் தட்டை என் கையில் வாங்கினேன். அந்த நொடியில் எல்லாம் கைமீறிப்போயிற்று. எதை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்க நேரமில்லை, தட்டோடு ஓடினேன். அண்ணனிடம் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். உள்ளே இருந்த யாரோ ஒருவரை வெளியேற்றும் போராட்டத்தில் அவருடைய இரண்டு கையும் கதவில் இருந்தன. கதவு திறந்ததும் நுழைந்துவிட்டேன். உள்ளே ஒரு பலகை இல்லை, மாடம் இல்லை. தட்டில் தேங்காய், மஞ்சள், குங்குமம், யாமினி பேரும் சுரேந்தர் பேரும் எழுதின பத்திரிகை. அதைக் கழிவறைத் தரையில் வைப்பேனா? தலையில் வைத்துக்கொண்டேன் சம்பந்தி. கரகம் எடுத்தவன் மாதிரி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு. ஒரு பாக்கு கீழே விழவில்லை. அந்த நிலைமையில் நான் அழவும் முடியாமல், குனியவும் முடியாமல், என் மகள் கல்யாணத்தை என் தலையாலேயே கெடுத்துக்கொண்டு நிற்கிறேனே என்று நினைத்தேன். மறந்துபோய்த் தட்டைத் தலையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

மேடைக்குத் திரும்பினால் தாங்கள் இல்லை. தங்கள் அக்கா மட்டும் இன்னொரு தட்டைப் பிடித்துக்கொண்டு என்னை எரித்துவிடுகிற மாதிரி நின்றார். கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டீர்கள் என்று புரிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்தீர்கள், முகம் கொடுத்துப் பேசவில்லை, சாப்பிட்டும் சாப்பிடாமலும் கிளம்பினீர்கள்.

பெண் பார்க்க வந்த அன்று பெண்ணின் பேரைக் கேட்பதற்கு முன்னால் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டவர் தாங்கள். ஒளிவு மறைவில்லாத மனிதர் என்று அன்றே எனக்குப் பிடித்துப்போயிற்று. அப்படிப்பட்டவரிடம் நான் மறைத்தேன். தப்பு என்னுடையது, அபசகுனம் என்னுடையது, யாமினிக்கு அதில் பங்கில்லை. கோபத்தை என்மேல் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

தங்கள் துணைவியாருக்கும், எரித்துப் பார்த்த அக்கா அவர்களுக்கும் என் பணிவான வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆயுசும் ஆரோக்கியமும் பெருகட்டும்.

தங்கள் சம்பந்தியாகவே இருக்க விரும்பும்,
முத்தையா

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதியது செவ்வாய்க்கிழமை. தபால் பெட்டி எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழேயே இருக்கிறது. நான்கு நாளாக அதைச் சுற்றிச் சுற்றி வந்தேனே தவிர போடவில்லை. இன்று சனிக்கிழமை, சட்டைப் பையில் கடிதத்தோடுதான் சிராங்கூன் ரோட்டு மாடியில் எங்கள் குழு கூடுகிற இடத்துக்குப் போனேன். செல்லக்கண்ணு அண்ணன், "இன்னிக்குப் புதுசா ஒருத்தர் வர்றாரு. போன்ல ரொம்பப் பயந்துபோய்ப் பேசினாராம். இருபதும் முடிச்சிட்டீங்கல்ல, நீங்கதான் அவருக்குத் துணை. படிக்கட்டுல போய் நில்லுங்க" என்றார். நின்றேன். மேலே ஏறி வந்தது தாங்கள்.

நான் தட்டுக்காக மன்னிப்புக் கேட்டபோது தாங்கள் சொன்னதை வீட்டுக்கு வந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். "எந்தத் தட்டு? நீங்க ஓடினத நான் பாக்கவே இல்லைங்க. எனக்கே தாங்கல, கையில இருந்த தட்ட அக்காகிட்டக் குடுத்துட்டுப் பின்பக்கமா ஓடிட்டேன். மறுநாள்தான் ரிசல்ட் வந்துச்சு. உங்க போன எடுத்தா அழுதுடுவேன்னுதான் எடுக்கல. சீக்காளி வீட்டுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?" அதற்குள் மேலே கூட்டம் ஆரம்பித்துவிட்டது, அதனால்தான் மீதியை இதில் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தில் மன்னிப்பு வருகிற இடமெல்லாம் தள்ளிவிட்டு, தண்ணீர் குடிக்கிற பத்தியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உதவும். மூன்று மாதம் கழித்து எனக்கு ரத்தம் எடுக்கிறார்கள். கை நடுங்கும், தாங்கள் கூட வர வேண்டும். தங்களுக்கு முதல் நாள் எப்போது என்று சொல்லுங்கள், செங்காங் ஸ்டேஷனில் நிற்கிறேன்.

நாளை ஞாயிறு, யாமினியின் கெடு; தபாலில் போட்டால் அதற்குள் வந்து சேராது, இதை இன்றிரவே தங்கள் வீட்டுப் பெட்டியில் நானே போட்டுவிடுகிறேன். காலை பதினொரு மணிக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு மார்சிலிங் வந்துவிடுங்கள், அக்கா உட்பட. பாதி நான் சொல்கிறேன், பாதி தாங்கள் சொல்லுங்கள். அன்னம்மா கோப்பி கொடுப்பாள். வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லலாம். குடித்தாலும் பயமில்லை. எங்கள் வீட்டில் கழிவறை இரண்டு.