நூற்றுப்பன்னிரண்டாரை மடக்கிய படலம்

வாழ்க, தூசியில் தும்மியும் துவளாத தோளினாள்! வாழ்க, ஈராண்டுக் காலம் ஸ்கேனரின் பச்சை ஒளியில் பக்கம் பக்கமாய்த் தவமிருந்து, கரையான் வாய்ப்பட்ட ஆய்வேடுகளைக் கணினிக்குள் கரையேற்றிய காரிகை, சின்னஞ்சிறு பல்கலைக்கழகத்தின் நூலகத்தை ஒற்றையாளாய் ஆண்ட நூலகர் அம்மையார்! அவர் பொருத போரைச் சொல்லப் புகுந்தோம், செவி சாய்ப்பீர்.

மறுநாள் காலை மின்னணு ஆய்வுக் களஞ்சியத்தின் திறப்பு விழா. நூறு ஆய்வுகளேனும் அதில் இருக்கவேண்டும், ஒன்று குறைந்தாலும் அம்மையாரின் அறை விளையாட்டுத் துறையின் வலைக்கும் மட்டைக்கும் போய்விடும் எனத் துணைவேந்தர் திருவாய் மலர்ந்திருந்தார். கையிலிருந்தவையோ தொண்ணூற்றொன்பது, அத்தனையும் மாணவர் ஏடுகள். வகுப்பறைதோறும் அறிவுக்கடலெனக் கொந்தளிக்கும் பேராசிரியப் பெருமக்களை அணுகியபோது, கடல் கணுக்காலளவே நின்றது. ஒருவருக்குக் கோப்பு தொலைந்திருந்தது. ஒருவருக்குக் கணினி படுத்திருந்தது. மற்றொருவரோ, "நெட்ல போட்டா திருடிருவாங்கம்மா" என்று, காலிப் பெட்டகத்துக்கு ஏழு பூட்டுப் பூட்டினார்.

எஞ்சியவர் துறைத்தலைவர் ஒருவரே. ஏறிய மேடைதோறும், தாம் எழுதியவை நூற்றுப்பன்னிரண்டு கட்டுரைகள் என முழங்கி முழங்கி, முதுகுக்குப் பின்னால் நூற்றுப்பன்னிரண்டார் என்றே பட்டம் பெற்ற பெருந்தகை. அவற்றுள் ஒன்றே ஒன்றை வேண்டி அம்மையார் படையெடுத்துவர, அம்மாவீரர் காலையில் கழிப்பறைக் கோட்டைக்குள் புகுந்து தாழிட்டார். நண்பகலில் விடைத்தாள் கட்டுகளாகிய மலைத்தொடரின் பின்னே பதுங்கினார். மூன்று மணிக்கு, அணைந்து கிடந்த கைப்பேசியைக் காதில் அழுத்தி, இல்லாத அமைச்சரோடு உரையாடியபடியே நழுவினார்.

ஆயினும் எத்தகைய மன்னனும் கடந்தே தீரவேண்டிய கணவாய் ஒன்று உண்டு. வாசற்சுவரில் அறைந்திருக்கும் வருகைப்பதிவு யந்திரமே அது. மாலை ஐந்து மணிக்கு அதில் விரல் வைக்காதார்க்கு அரைநாள் லீவு போய்விடும். நாலே முக்காலுக்கே அம்மையார் அங்கு சென்று, யந்திரத்தை முதுகால் மறைத்து, நீரருந்த வரும் மானுக்குக் காத்திருக்கும் வேங்கையென நின்றார். ஐந்தடித்தது. விரலை நீட்டியபடி வந்த நூற்றுப்பன்னிரண்டார், நீட்டிய விரலோடு சிலையானார்.

"சார், ஒரே ஒரு கட்டுரை. குடுத்துட்டு விரல் வைங்க."

"நாளைக்குப் பார்க்கலாமேம்மா..."

"நாளைக்குத் திறப்பு விழா சார்."

பின்னே நின்ற நாற்பதின்மர் வரிசை, பஸ் போய்விடுமென்று உறுமியது. தோற்ற வேந்தன் முடிகழற்றித் தருவதுபோல், அவர் சட்டைப்பையிலிருந்து பென்டிரைவைக் கழற்றித் தந்தார்.

அம்மையார் அவரைத் தம் அறைக்கு அழைத்துச் சென்று அருகே அமர்த்தி, முதற்கட்டுரையை ஏற்றினார். ஒப்பிட்டுப் பார்த்த கணினி, 'இது ஏற்கெனவே உள்ளது' என்றது. ஆம், அவரிடம் பயின்ற மாணவி ஒருத்தி எழுதிய ஆய்வேட்டின் மூன்றாம் இயல், எழுத்துப்பிழை உட்பட. இரண்டாவது வேறொரு மாணவனுடையது. மூன்றாவதும் அவ்வாறே. ஒவ்வொன்றாய் நூற்றுப்பன்னிரண்டு தலைகளும் உருண்டன. அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் நெடுநேரம் துடைத்தார்.

களத்தில் சாயாது நின்றது ஒரு கோப்பு: 'எனது அறைக்கு ஏசி கோரும் விண்ணப்பம்'. முப்பத்தெட்டுப் பக்கம். மூன்று மாத வெப்ப அளவுகள், அட்டவணைகள், வரைபடங்கள், பக்கத்து அறையோடு ஒப்பீடு, அடிக்குறிப்பு நாற்பத்தொன்று.

"இது யார் எழுதினது சார்?"

"அது நானேதாம்மா. ஒரு நாள் விடாம, மூணு வேளையும் தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தேன்." சொல்லும்போது அந்த முகத்தில், முப்பதாண்டுப் பணியில் முதன்முறையாக, ஓர் ஆய்வாளன் எட்டிப் பார்த்தான்.

"இதைத்தானே சார் ரெண்டு வருஷமா கேக்கறேன்."

கணினி மறுக்கவில்லை. நூறு என்றது.

மறுநாள், குலைநடுங்கும் கரவொலி கூரையைப் பிளக்க, துணைவேந்தர் தம் பொற்கரத்தால் மவுசைச் சொடுக்க, களஞ்சியம் கதவு திறந்து ககனம் அளந்தது. அறை அம்மையாருக்கே நிலைத்தது. வலையும் மட்டையும் மாடிப்படிக்கு அடியில் புறங்காட்டி ஒடுங்கின. நூறாவது ஆய்வைத் திரையில் கண்ட துணைவேந்தர், அட்டவணை முதல் அடிக்குறிப்பு ஈறாக அங்கேயே நின்று ஓதி, கண்கலங்கி, உடனே ஆவன செய்க என ஆணையிட்டார்.

அடுத்த வாரம் நூற்றுப்பன்னிரண்டார் ரூமுக்கு ஒரு டேபிள் ஃபேன் கொடுத்தார்கள்.