பரிசோதகருக்கு ஏற்ற விளையாட்டு

பேட்மின்டன் ஒன்பதே நிமிடத்தில் முடிந்துவிட்டது. பத்தாவது நிமிடம் பரிசோதகர் ஒற்றைக் காலில் நின்று, எதிர்வீட்டுக் காசாளரின் தோளைப் பிடித்தபடி, தன் வீட்டு அழைப்பு மணியை அடித்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்த மனைவிக்கு முகம் சுருங்கிப்போனது. "அதுக்குள்ளயா வந்துட்டீங்க?"

"கணுக்கால் பிசகிடுச்சு."

"பத்து நாள் அசையக் கூடாது," என்றார் காசாளர்.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தன்மேல் இவ்வளவு பாசமா என்று பரிசோதகருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

முப்பத்தொரு வருடம் தொழிற்சாலையில் திருகாணிகளை அளந்து, தேறியது, தேறாதது என்று பிரித்தவர் அவர். ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் தலைவலிக்காக டாக்டரிடம் போன மனைவி, அப்படியே இவரைப் பற்றியும் பேசினாளாம்.

"தினமும் ஒரு மணி நேரம் ஏதாவது விளையாடணும்ங்க. உங்களுக்கு எது ஒத்துவருதோ அதைப் பிடிச்சுக்கங்க," என்றாள் திரும்பி வந்ததும்.

தனக்கு ஏதோ பெரிய வியாதி, இவள் மறைக்கிறாள் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். அதனால்தான் மறுபேச்சுப் பேசாமல் மட்டையைத் தூக்கினார்.

அந்தப் பத்து நாளும் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இந்த பீன்ஸ் நாலு சென்டிமீட்டர். இது ரெண்டரை. ஏன் இந்த வித்தியாசம்?"

"வெந்தா எல்லாம் ஒண்ணுதாங்க."

"இப்படிச் சொல்லித்தான் ஒரு லாரி திருகாணி திரும்பி வந்துச்சு."

பதினோராம் நாள் அவர் கண் விழித்தபோது, தலைமாட்டில் நீச்சல் உடையும் துண்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"தண்ணியில கால் பிசகாது. கிளம்புங்க!"

மூன்று நாள் நன்றாகத்தான் போனது. நான்காம் நாள், குளத்துச் சுவரில் 'ஐந்து அடி' என்று எழுதியிருந்த இடத்தில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அளவு நாடாவோடு உள்ளே முங்கினார். நாலே முக்கால்தான் இருந்தது. அதை உடனே சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில் தண்ணீருக்குள்ளேயே வாயைத் திறந்தார்.

பயிற்சியாளர் இழுத்துக் கரையில் போட்டார். இரண்டு காதும் அடைத்துக்கொண்டன.

"காது சரியானதும் வரட்டுமா?"

"சரியானாலும் வேண்டாம் சார்," என்றார் பயிற்சியாளர். அது அவர் காதில் விழவில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசமானது. கேள்விகள் அப்படியே இருந்தன. பதிலைத்தான் மனைவி ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை கத்த வேண்டியிருந்தது. தொண்டை கட்டிப்போனது.

"நடங்களேன்! சும்மா தெருத்தெருவா நடங்க! அதுக்கு என்ன கேடு?"

"கடையா? எந்தக் கடை?"

காது திறந்ததும் பரிசோதகர் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு விளையாட்டையும் சோதித்தார். ஓட்டத்தில் முழங்கால் போகும். மிதிவண்டியை நாய் துரத்தும். டென்னிஸில் எதிராளி வேண்டும். இவரோடு விளையாட இனிக் காசாளர் வர மாட்டார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் தேறியது.

இரண்டு ஆட்கள் அதைத் தூக்கி வந்து, அவர் காட்டிய இடத்தில், சமையலறை வாசலை ஒட்டி இறக்கினார்கள். நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள்.

"விழ முடியாது, மூழ்க முடியாது," என்றார் பெருமையாக. "இனிமே நான் வெளியவே போக வேண்டாம். ஒரு மணி நேரம் என்ன, உன் கண் முன்னாலயே மூணு மணி நேரம் மிதிக்கிறேன். போதுமா?"

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே சரிந்தாள்.

பரிசோதகர் பதறிப்போனார். மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அவள் கையை விடவே இல்லை. தன் வியாதியை நினைத்து நினைத்தே இவள் இப்படி ஆகிவிட்டாள் என்று தோன்றியது. கண் கலங்கியது.

நர்ஸ் மனைவியின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். அடுத்தது தான்தான் என்று பரிசோதகர் சட்டைக் கையை மடித்துத் தயாராக நின்றார்.

"சிஸ்டர், எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன். என் உடம்புக்கு என்னன்னு இன்னிக்காவது சொல்லிடுங்க."

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அளவைக் குறித்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினாள்.

"பிரஷர் போன தடவையைவிட ஏறியிருக்கேம்மா! டாக்டர் சொன்ன மாதிரி சாரை தினமும் ஒரு மணி நேரம் வீட்டை விட்டு வெளிய அனுப்புறீங்களா, இல்லையா?"