பொட்டு வைத்த சிப்பு

மரியாதையாகப் பேசியே ஒரு மனிதனின் ரத்த அழுத்தத்தை ஏற்ற முடியும் என்று உலகத்துக்கு நிரூபித்தவர் எங்கள் சிப்புக்காரர். பெரியநாயக்கன்பாளையத்தில் நான் மாடியில் குடியிருந்தபோது அவர் கீழ்வீடு. பம்ப் கம்பெனியில் வேலை. மிச்ச நேரத்தில் வீட்டுக் குளியலறையில் கம்ப்யூட்டர் சிப் செய்வார். வாங்குவதில்லை ஐயா, செய்வார்!

"கடையில கிடைக்குமே?" என்று முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"பணியாரங்கூடத்தான் கடையில கிடைக்குதுங்க. ஊட்ல சுடறதில்லீங்களா?"

குளியலறையில் மின்சார உலை, ரசாயன பாட்டில்கள், ஒரு பழைய மைக்ராஸ்கோப். நடுவே மழைக்கோட்டும் தலையில் பிளாஸ்டிக் உறையுமாக அவர். தூசிதான் அவருடைய ஜென்ம விரோதி. உலையைப் போட்டால் எங்கள் மிக்ஸி சட்னியைப் பாதியில் கைவிடும். நாங்கள் கடுகு தாளித்தால் கீழிருந்து, "ஏனுங்க, புகை வருதுங்க!" என்று குரல் வரும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க. ஒரு மூணு மணி நேரம் உங்க ஊட்ல யாரும் நடக்காம இருக்க முடியுங்களா? நீங்க நடந்தா எங்க சீலிங்ல இருந்து சுண்ணாம்பு உதுருதுங்க."

நானும் மனைவியும் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாடகையும் கொடுத்துவிட்டு!

இவ்வளவு செய்தும் ஏழு தடவை சிப் சொதப்பியது. அவர் மனைவி அந்த ஒரு வருடமும் குளிக்க எங்கள் மாடிக்குத்தான் வந்தார். கடைசியில் அந்த அம்மாவே புருஷனுக்குக் கெடு வைத்தார்.

"ஆயுத பூஜையன்னிக்கு இந்தச் சிப்பு ஒரு லைட்டையாவது எரிய வெக்கோணும். இல்லீன்னா உலை பழைய இரும்புக் கடைக்குப் போயிரும். எனக்கு என்ற பாத்ரூம் வேணும்."

எட்டாவது தடவை, ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய சிலிக்கான் வட்டின் நடுவில் ஒரே ஒரு சிப் சுத்தமாக வந்துவிட்டது. விளக்கை இணைப்பதுதான் பாக்கி. பூஜையன்று காலையில் சிப்புக்காரர் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என்னிடம் கொடுத்து, "மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சுட்டு இருங்க, குளிச்சுப்போட்டு வாரேன்" என்று எங்கள் மாடிக்குப் போனார்.

ஆயுத பூஜையன்று ஸ்க்ரூ டிரைவரைக்கூடப் பொட்டில்லாமல் விடாத ஊர் இது. உலைக்கு வைத்தேன். மைக்ராஸ்கோப்புக்கு வைத்தேன். டிரில்லிங் மெஷினுக்கு வைத்தேன். அதே வேகத்தில் கண்ணாடி மூடியைத் திறந்து, அந்த வட்டின் நட்டநடுவிலும் ஈரச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டேன்.

அவர் வந்தார். பார்த்தார். இன்று முதல்முறையாக "ங்க" இல்லாத வார்த்தை வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சரியா மையத்துல வெச்சுப்போட்டீங்க" என்றார். எட்டாவது சிப்பும் போயிற்று.

திட்டியிருந்தால் தேவலை. அவர் மனைவி புருஷன் முகத்தைப் பார்த்தார். உலையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னொரு வருசம் உங்க ஊட்லயே குளிச்சுக்கறேனுங்க" என்றார். என் குளியலறையை நம்பிக் கெடுவை நீட்டித்துவிட்டார்! மறுக்க எனக்கு என்ன யோக்கியதை?

அதன்பிறகு அவர் கேட்கும் முன்பே நான் கட்டிலில் ஏறிவிடுவேன். அடுத்த ஆயுத பூஜைக்கும் கூப்பிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டே போனேன். புது வட்டின் ஓரத்தில் ஒரு சிப். அதனோடு இணைத்திருந்த சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வட்டின் நடுவில் வெறும் இடம். குங்குமத்தை என்னிடம் நீட்டினார்.

"உங்களுக்குன்னு நடுவுல எடம் உட்டிருக்கறேனுங்க. தைரியமா வெய்ங்க."

அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது, பொட்டு வைக்கும் முன் அவருடைய பிளாஸ்டிக் உறையை வாங்கி என் தலையில் மாட்டிக்கொண்டபோதுதான் தெரிந்தது.