பன்னிரண்டு அங்குலக் கட்டமும் சாம்பல் நிறக் கோட்டும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் சம்பந்தியம்மாவும் நலம் என்று மகள் போனில் சொன்னாள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அந்த நலம் குறையாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். முடிந்தால் உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் எங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் புறப்பட்டபோது உங்கள் சாம்பல் நிறக் கோட்டை மறந்து வைத்துவிட்டீர்கள் அல்லவா? அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது இப்போது கோட்டாக இல்லை.

நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றதிலிருந்து நான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்த்து என் மனைவிக்குத் தலை சுற்றிவிட்டது. "கைக்கு ஏதாவது வேலை வச்சுக்கோங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். நம் இருவருக்கும் பொதுவாக ஒரு பேரக்குழந்தை வரப்போகிறதே, அதற்குத் துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒரு பேட்ச்வொர்க் போர்வை தைக்கலாம் என்று இறங்கினேன். கைபேசியில் ஓர் அம்மாள் சொல்லித்தருகிறார். வரிசைக்கு மூன்று சதுரமாக மூன்று வரிசை தைத்தால் ஒரு கட்டம். கட்டங்களை இணைத்தால் போர்வை. வேலைக்காலம் முழுக்க நிலம் அளந்தவனுக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? நாலு அங்குலச் சதுரங்களாக, நூல் பிசகாமல் வெட்டினேன். கட்டம் பன்னிரண்டு அங்குலம் வர வேண்டும். தைத்து அளந்தால் பத்துதான் இருக்கிறது. மறுபடி தைத்தேன், ஒன்பதே முக்கால். டேப்பை மாற்றினேன். மெஷின்மேல் சந்தேகப்பட்டேன். துவைத்தால் துணி சுருங்கும், தைத்தால்கூடச் சுருங்குமா என்று மனைவியைக் கேட்டேன். "தையலுக்குள்ள போற ஓரத்தை யாரு கணக்குல சேர்ப்பா?" என்றாள். நிலத்தில் எல்லைக்கோட்டுக்கு அகலம் கிடையாது சம்பந்தி. துணியில் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்வதற்குள் கையிலிருந்த துணியெல்லாம் தீர்ந்துபோனது.

அன்றைக்குப் பார்த்து மனைவி தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பழைய துணி இருக்கிறதா என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "உள் ரூம்ல கட்டில் மேல போட்டிருக்கேன், பாத்து எடுத்துக்கோங்க" என்றாள். அந்தப் 'பாத்து'வை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டிலில் தலையணை உறைகளும் ஒரு கிழிந்த திரையும் கிடந்தன. பக்கத்து நாற்காலியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டு. என்ன துணி சம்பந்தி அது! கத்தரிக்கோலுக்கு வழுக்காமல், கோணாமல், சொன்ன பேச்சைக் கேட்டது. முதுகிலும் முன்பக்கத்திலும் வேண்டிய சதுரங்கள் கிடைத்தன. இந்தத் தடவை ஓரம் விட்டு வெட்டினேன். கட்டம் கனகச்சிதமாகப் பன்னிரண்டு அங்குலம் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பூரித்துப்போய் நின்றேன். அப்போதுதான் மகள் போன் செய்தாள்.

"அப்பா, மாமா கோட்டை அங்கேயே விட்டுட்டு வந்துட்டாராம். சாம்பல் கலர். பத்திரமா எடுத்து வைங்க."

"எவ்வளவு பத்திரமா?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன்.

அவள் என்னைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவள். "அப்பா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள். சொன்னேன். "ஐயோ, நான் இந்த வீட்ல எப்படிப்பா தலைநிமிர்ந்து நடப்பேன்?" என்று அழுதே விட்டாள். வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணை அழவைத்துவிட்டேனே என்று அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கட்டத்தைப் பிரித்து மறுபடி கோட்டாக்கவும் முயன்றேன். ஓரமெல்லாம் போனது போக மிஞ்சியது, வரப்போகும் குழந்தைக்கு வேண்டுமானால் சேரும். அதனால் பிரித்ததைத் திரும்பக் கட்டமாகவே தைத்து வைத்திருக்கிறேன். கைகள் இரண்டும் சேதமில்லாமல் இருக்கின்றன; விரும்பினால் அனுப்பிவைக்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது. என் மகளை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். உங்களிடம் நூறு முறை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி ஊசியைத் தொடமாட்டேன், சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசி. மகளுக்குச் சொல்ல எனக்கு வாயில்லை.

இப்படிக்கு,
முகத்தைக் காட்டக் கூசும்
உங்கள் சம்பந்தி

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் மனைவி வந்துவிட்டாள். உங்கள் கோட்டை நீங்கள் போன அன்றைக்கே எடுத்துப் பீரோவில் மாட்டியிருக்கிறாள். மடிப்புக் கலையாமல் இருக்கிறது, நாளைக்கே அனுப்புகிறேன். நான் வெட்டியது என்னுடைய கல்யாணக் கோட்டு. பேரக்குழந்தையை முதன்முதலாகப் பார்க்க வரும்போது நான் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டு, என் வயிற்றுக்கு ஏற்ற மாதிரி பிரித்துத் தைக்கக் கொடுப்பதற்காக எடுத்து வைத்தாளாம். இத்தனை வருடம் பூச்சி அரிக்காமல் காப்பாற்றியிருக்கிறாள். எனக்கு அடையாளம்கூடத் தெரியவில்லை. அவள் திட்டவில்லை. கட்டத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "இது எதுன்னுகூடவா உங்களுக்குத் தெரியல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஆகவே சம்பந்தி, மேலே உங்களிடம் கேட்டிருக்கும் மன்னிப்பையெல்லாம் தயவுசெய்து எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். இங்கே அவசரமாகத் தேவைப்படுகிறது.