ஜட்ஜ் ஐயா வாய் திறக்கும்வரை காரை எடுக்காதீர்கள்

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் தம்பியும், அவரைப் போலக் கொஞ்சம் துணை வேண்டிய இன்னும் இரண்டு பேரும் குடியிருக்கும் வீட்டில் உதவியாளாக வேலை பார்ப்பவனும், போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் உங்களிடம் திட்டு வாங்கியவனுமாகிய அதே தடியன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தம்பி, மற்ற இரண்டு பேர், நான், மாடிப்படிக்குக் கீழே குட்டி போட்ட பூனை எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டே போனீர்கள், குடையை மறந்துவிட்டீர்கள். குடை பத்திரமாக இருக்கிறது. தம்பியும் பத்திரமாகத்தான் இருக்கிறார். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கணும். நான் மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன், மழை விட்டதும் கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கு நீங்கள் செருப்பைக் கழற்றும் முன்னாடியே, "சாப்டியாடா? அக்கா மேல கோவமாடா? என்கூட வந்துடறியாடா?" என்று ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்டீர்கள். தம்பி உங்கள் கைப்பை ஜிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். உடனே நீங்கள் என் பக்கம் திரும்பி, "வீட்ல இருந்தப்ப நல்லாத்தானே இருந்தான்? இங்க வந்து பேச்சே நின்னுபோச்சு பாருங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை கார் கொண்டுவரேன், பெட்டியைக் கட்டி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அக்கா, பேச்சு நிற்கவில்லை. கிளம்பிவிட்டது, வழியில் வந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கும் இது முதலில் புரியவில்லை. நான் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். எங்கே போகணும் என்று கேட்டுக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துவிடுவேன். இங்கே வந்தும் அதே புத்திதான். ஒரு நாள் காலையில் உங்கள் தம்பியிடம் "டீயா, காபியா? சரி, டீ" என்று நானே கேட்டு நானே ஊற்றிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் சட்டி தேய்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று "காபி" என்றார் பாருங்கள், நான் துள்ளினதில் சட்டி என் கால் மேலேயே விழுந்தது. அதைப் பார்த்து எங்கள் மேலாளர் அம்மா, "நீங்களே கேட்டு நீங்களே பதிலும் சொல்லிக்கிட்டா அப்புறம் இந்த வீட்ல அவர் எதுக்கு? கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு நில்லுங்க" என்றார்கள். என் பெண்டாட்டி இருபது வருஷமாகச் சொல்லியும் நடக்காத காரியம், இப்போது சம்பளம் வாங்கிக்கொண்டு பழகுகிறேன்.

இங்கே உங்கள் தம்பிக்கு ஜட்ஜ் ஐயா என்று பேர். பக்கத்து அறையில் இருக்கிற, தூக்கத்தில்கூட வாய் ஓயாததால் ரேடியோ என்று நாங்கள் கூப்பிடுகிற பையன் வைத்த பேர். "இப்படிக் கூப்பிட்டா பரவாயில்லையா?" என்று மேலாளர் அம்மா அவரிடமே கேட்டார்கள். தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டு, இரண்டு நாள் கழித்து, "நல்லாருக்கு" என்று வந்தது.

அதற்காக எல்லாம் சுமுகமாக நடக்கிறது என்று நினைக்காதீர்கள், இங்கே கூத்துக்குக் குறைவே இல்லை. முடி வெட்டப் போனோம், எப்படி வெட்டணும் என்று கடைக்காரர் கேட்க, கூட வந்த ரேடியோ "ஒட்ட வெட்டுங்க" என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டான், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவும்போது இவர் "வேணாம்" என்கிறார், வெட்டின முடியைத் திருப்பியா ஒட்ட முடியும்? அதனால் இப்போது முந்தின நாளே போய்க் கேள்வியை வாங்கிக்கொண்டு வருகிறோம். "முடி வெட்டறதுக்கு முன்பதிவா?" என்று சிரித்த அதே ஆள், இப்போது தெருவில் பார்த்தால் அவரே நிறுத்தி, "சார், நாளைக்கு எப்படி?" என்று கேட்டுவைக்கிறார். மளிகைக் கடையில் பை வேணுமா என்று கேட்டதற்கு மூச்சு இல்லை, சாமானை எல்லாம் அணைத்துக்கொண்டு வந்தோம், முட்டை ஒன்று என் சட்டைப் பையிலேயே உடைந்தது. மறுநாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே போய், "வேணும்" என்றார். "எது சார்?" "பை." கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் சிவப்புத் துண்டைப் போட்டு எங்கள் எல்லார் சட்டையையும் துவைத்து வைத்தது யார் என்று கேட்டேன், ரேடியோதான் என்று நானே முடிவு கட்டித் திட்டினதில் அவன் ஒரு வேளை முழுக்கப் பேசவில்லை, வீடே நிம்மதியாகச் சாப்பிட்டது. இரண்டு நாள் கழித்து ஜட்ஜ் ஐயா, "நான்தான்" என்றார். நாங்கள் இப்போது ரோஸ் கலர் குடும்பம். என் மச்சானிடம் கடனை எப்போ தருவே என்று நான் கேட்ட கேள்விக்கு மூணு வருஷமாகப் பதில் இல்லை, அவனை மட்டும் யாரும் கார் வைத்துக் கூட்டிக்கொண்டு போக மாட்டேங்கிறார்கள்!

அக்கா, கோவிச்சுக்காதீங்க. அவருக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். பாசம் இல்லாமல் அது வருமா? ஆனால் உங்கள் வீட்டில் கேள்வியே கிடையாது, எல்லாம் பதில்தான். இங்கே அவர் அறைச் சாவி அவர் இடுப்பில் தொங்குகிறது, தட்டாமல் நான்கூட உள்ளே போக முடியாது. திங்கட்கிழமை குப்பை அவர் முறை. விடியும்போதே வாளியோடு வாசலில் நிற்பார், குப்பை வண்டிக்காரர் சலாம் போடுவார். இதையெல்லாம் விட்டுவிட்டு அவர் உங்களோடு வரவே மாட்டார், நான் எழுதித் தருகிறேன். தயவு செய்து ஞாயிற்றுக்கிழமை காரோடு வராதீர்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு என் ஆசி, காருக்கு ஓய்வு.

இப்படிக்கு,
வாயை மூடப் பழகிக்கொண்டிருக்கும்
பழைய கண்டக்டர்

பின்குறிப்பு: மேலே எழுதினதை அடித்துவிடுங்கள். இப்போதுதான் உறையை ஒட்டப் போனேன். எதிரே துணி மடித்துக்கொண்டிருந்த ஜட்ஜ் ஐயா, "சாப்டேன்" என்றார். "யாரு கேட்டா?" என்றேன். "யோவ், நான் கேக்கல" என்றான் ரேடியோ. இன்னும் இரண்டு சட்டை மடித்தார். அப்புறம், "இல்ல" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது அக்கா. உங்கள் மூன்று கேள்விக்கும் வரிசையாகப் பதில் வருகிறது! ஒரு கையால் என் வாயையும் இன்னொரு கையால் ரேடியோ வாயையும் பொத்திக்கொண்டேன். கடைசித் துண்டையும் மடித்து வைத்துவிட்டு, "வரேன். திங்கக்கிழமை குப்பை இருக்கு" என்றார்.

வரமாட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை அவரிடம் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள், கண்டக்டர் புத்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில் காரோடு வாருங்கள். பையில் உங்கள் குடையையும் ஒரே ஒரு ரோஸ் சட்டையையும் இப்போதே வைத்துவிட்டார். திங்கள் விடிவதற்குள் கொண்டுவந்து விடணும். அவர் மேல் ஆசை இருந்தால் உங்கள் வீட்டில் போய் இறங்கினதுமே, "கிளம்பலாமாடா?" என்று கேட்டுவைத்துவிடுங்கள். ராத்திரிக்குள் பதில் வந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு, "கோவமாடா?" என்றதற்குத்தான் அக்கா, "இல்ல."